கழற்றிப் பார்க்கச் சொன்ன வண்டி

பழைய புல்லட் ஒன்றின் இடப்பக்கம் குனிந்து பாருங்கள். நீளவாக்கில் வழுவழுப்பான ஓர் அலுமினிய மூடி தெரியும். உள்ளே கிளட்ச், பிரைமரி செயின், பிற்கால வண்டிகளில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் எல்லாம் இருக்கின்றன. இத்தனையையும் அடைத்து வைத்திருக்கும் அந்தப் பெரிய மூடியைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு நட்டு. ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் ஒதுக்கிவிட்டு, ஒழுகும் எண்ணெய்க்கு அடியில் ஒரு தட்டை வைத்து, அந்த நட்டைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். இன்றைய மோட்டார் சைக்கிள்களில் இதே வேலைக்குச் சுற்றிலும் வரிசையாகப் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒரு நட்டு போதும் என்று முடிவு செய்த பொறியாளர், வண்டியை வாங்குகிறவரே வீட்டு வாசலில் அதைத் திறப்பார் என்று நம்பியிருக்க வேண்டும். பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்து ஓட வைக்கும் பொழுதுபோக்கு நம் ஊரில் எப்படி வந்தது என்று கேட்டால், நான் அந்த நட்டைத்தான் காட்டுவேன். அந்த வண்டி எங்கே பிறந்தது, எப்படித் திருவொற்றியூருக்கு வந்தது, வந்தபின் ஏன் மாறாமலே இருந்தது என்பதில்தான் இந்தப் பழக்கத்தின் கதையும் இருக்கிறது.

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ரெட்டிச் என்று ஒரு சிறிய ஊர். தையல் ஊசி செய்வதில் பேர் போனது. 19ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் பயன்பட்ட ஊசிகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போனது. அந்த ஊரில் ஊசி ஆலை வைத்திருந்த ஜார்ஜ் டவுன்சென்ட் நிறுவனம் பிறகு சைக்கிள் தொழிலிலும் இறங்கி நொடித்தது. ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் 1891இல் அதை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில், மிடில்செக்ஸ் மாவட்டத்து என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உறுப்புகள் செய்து தரும் வேலை கிடைத்தது. அந்தப் பெருமையில்தான் தங்கள் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிச் சின்னமும், துப்பாக்கியைப் போலச் செய்தது என்ற விளம்பர வாசகமும் அப்படி ஒட்டிக்கொண்டவை. 1901இல் மினர்வா இன்ஜினைப் பொருத்திய முதல் மோட்டார் சைக்கிள் வந்தது.

புல்லட் என்ற பெயர் பிறந்தது 1932 நவம்பரில், லண்டன் ஒலிம்பியா மோட்டார் சைக்கிள் கண்காட்சியில். 250, 350, 500 சி.சி. என்று மூன்று அளவுகளில், முன்பக்கம் சாய்ந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களோடு அது காட்சிக்கு வந்தது. ஆனால் நமக்குத் தெரிந்த புல்லட் அது இல்லை. நம்முடையது போருக்குப் பின் பிறந்தது. 1948 பிப்ரவரியில் கோல்மோர் கப் என்ற போட்டிக்கு ரெட்டிச் ஆட்கள் புதிய 350 சி.சி. வண்டிகளைக் கொண்டு வந்தார்கள். சேறும் பாறையும் நிறைந்த பாதையில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டிய போட்டி அது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட போட்டிக்குப் பின்சக்கரம் ஃபிரேமோடு விறைப்பாகப் பூட்டப்பட்டிருப்பதே சரி, ஸ்பிரிங் வைத்தால் பிடிமானம் போய்விடும் என்று தேர்ந்த ஓட்டுநர்களே நம்பினார்கள். ரெட்டிச் வண்டியிலோ ஸ்விங் ஆர்ம் இருந்தது, அதைத் தாங்க இரு பக்கமும் எண்ணெய் அடைத்த ஷாக் அப்சார்பர் இருந்தது. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் சார்லி ராஜர்ஸ், விக் பிரிட்டன் இருவரும் அந்த வண்டிகளில் தங்கப் பதக்கம் வாங்கியபோது பேச்சு அடங்கியது. இன்று எந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தாலும் பின்னால் ஸ்விங் ஆர்ம்தான்.

இந்த வண்டியை உருவாக்கியதில் டெட் பார்டோ, டோனி வில்சன் ஜோன்ஸ் இருவரின் கை உண்டு. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. போரைவிட ஸ்ட்ரோக் நீளம். அதனால் இன்ஜின் நிதானமாகச் சுற்றும், குறைந்த வேகத்திலும் இழுக்கும். கிராங்க் உருளையின் எடை அதிகம். அதுதான் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகக் காதில் விழச் செய்கிறது. இன்ஜின் ஆயிலுக்குத் தனி டேங்க் வெளியே தொங்கவிடாமல் கிராங்க்கேஸிலேயே ஓர் அறையாக வார்த்துவிட்டார்கள். ஆல்பியன் நிறுவனத்தின் நான்கு கியர் பெட்டி கிராங்க்கேஸின் முதுகில் தனியாகப் போல்ட் போட்டு நிற்கும். ரிவெட் அடித்த அமைப்போ நிரந்தரமாக ஒட்டிய இணைப்போ ஏறக்குறைய இல்லை. இன்ஜின் ஒரு பெட்டி, கியர் ஒரு பெட்டி, பிரைமரி ஒரு பெட்டி. ஒன்றைத் தொட மற்றொன்றைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டவும், கியர்களை வெளியே எடுக்கவும் இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்க வேண்டியதே இல்லை.

போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் கார் வாங்க வசதியில்லாத தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள்தான் குடும்ப வாகனம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பின்கட்டில் அதைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் டேப்பட் சரிசெய்வது முதல் கிளட்ச் பிளேட் மாற்றுவது வரை சொந்தக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைய கையேடுகளில் பாதிப் பக்கங்களில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தை அணுகவும் என்றுதான் இருக்கிறது.

இனி மெட்ராஸ். 1949இலிருந்தே மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் ராயல் என்ஃபீல்டு வண்டிகளை இங்கே இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. அதைத் தொடங்கியவர் கே. ஆர். சுந்தரம் ஐயர். நாடு பிரிந்த கையோடு எல்லைக் காவலுக்கு நல்ல மோட்டார் சைக்கிள் தேடிய ராணுவம், பல வண்டிகளைப் பார்த்து 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. ராணுவத்திடமிருந்து வந்த பெரிய ஆர்டர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கிய காலம் அது. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. தியாகராஜர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் இருக்கிற திருவொற்றியூரில், கடற்காற்று வீசும் வடசென்னை ஓரத்தில், தொழிற்சாலை எழுந்தது. கொஞ்ச தூரத்தில் எண்ணூரில் அசோக் லேலண்ட். வாகனத் தொழில் தெரிந்த கைகள் அந்த வட்டாரத்தில் உருவாகத் தொடங்கியிருந்தன.

முதலில் ரெட்டிச்சிலிருந்து பெட்டி பெட்டியாக உறுப்புகள் வந்தன. இங்கே பூட்டினார்கள். 1957இல் உறுப்புகளைச் செய்யும் அச்சுகளும் கருவிகளுமே என்ஃபீல்டு இந்தியாவுக்கு விற்கப்பட்டன. 1962 வாக்கில் எல்லா உறுப்புகளும் உள்நாட்டிலேயே தயாராயின. இதே 1962இல்தான் ரெட்டிச்சில் 350 புல்லட் நின்றது. நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய மேஜர் ஃபிராங்க் ஸ்மித் இறந்ததும் அதே ஆண்டில்தான். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டே இல்லாமல் போனது. அந்த இடம் இன்று என்ஃபீல்டு தொழிற்பேட்டை என்ற பெயரில் இருக்கிறது.

தாய் வீட்டில் அழிந்த வண்டி திருவொற்றியூரில் தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருந்தது. அதுவும் ஏறக்குறைய அதே உருவில். 1955 வாக்கில் எந்த அச்சில் வந்ததோ, அந்த அச்சில். ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் ஆம்பியர் மீட்டரையும் ஒன்றாக அணைத்துக்கொள்ளும் முகப்பும், அதன் இரு ஓரங்களில் கண்களைப் போன்ற இரண்டு சிறு விளக்குகளும் ரெட்டிச்சில் 1954இல் அறிமுகமானவை. நம் மெக்கானிக்குகள் அவற்றை டைகர் லைட் என்கிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவை அதே இடத்தில் இருந்தன.

இந்த மாறாமையைப் பலர் பின்தங்கியதாகச் சொல்வார்கள். போட்டி இல்லாத சந்தை, லைசென்ஸ் ஆட்சி, புதிதாக எதையும் செய்ய வேண்டிய நெருக்கடி இல்லாத நிறுவனம் என்று காரணங்களை அடுக்குவார்கள். அவை உண்மைதான். நாடு முழுவதற்கும் அப்போது இருந்த மோட்டார் சைக்கிள்கள் மூன்றே மூன்று குடும்பங்கள்: சென்னையில் புல்லட், மைசூரில் செக்கோஸ்லோவாகியா வழிவந்த ஜாவா, வடக்கே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து வடிவத்தில் செய்த ராஜ்தூத். மூன்றுமே வெளிநாட்டு வடிவங்கள். மூன்றுமே பல ஆண்டுகள் அதிகம் மாறாதவை. ஆனால் வீட்டில் வண்டி பிரிக்கும் ஒருவனின் கண்ணால் பார்த்தால் இந்த மாறாமை ஒரு வரம். 1960களின் புல்லட்டுக்கு 1990களின் புல்லட்டிலிருந்து எத்தனையோ உறுப்புகள் அப்படியே பொருந்தும். உலகில் வேறெந்தப் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் இப்படி ஒரு வசதி கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் புல்லட்டைச் சீர்செய்கிறவர்களே இந்திய உறுப்புகளை வாங்கித்தான் அதை ஓட வைக்கிறார்கள். 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அங்கே இறந்துபோன வண்டியைப் புதிதாகக் கடையில் வாங்கலாம் என்ற நிலை வந்தது.

பழைய வண்டியைப் பேணுவது ஒரு பொழுதுபோக்காக முறையாகத் தொடங்கியது இங்கிலாந்தில்தான். 1946இல் டிட்ச் ஆலன் என்பவர் முன்னின்று அழைக்க, சர்ரே மாவட்டத்தின் ஹாக்ஸ் பேக் மேட்டில் பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் கூடி விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பைத் தொடங்கினார்கள். ஓடாமல் போன, மறக்கப்பட்ட வண்டிகளைக் காப்பதுதான் நோக்கம். அங்கே இந்தப் பழக்கம் இழப்பிலிருந்து பிறந்தது. நம் ஊரில் அப்படியில்லை. புல்லட் இங்கே பழசாகவே இல்லை. 1985இல் கடையில் புதிதாக வாங்கிய வண்டியும் அப்பா 1965இல் வாங்கிய வண்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டு வாசலில் வண்டி பிரித்தவர் பழமையைக் காப்பதாக நினைக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டும், அதனால் பிரித்தார். பணம் கட்டிவிட்டுக் காத்திருந்து வாங்கிய ஒரு வண்டியை ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும் என்பதால் பிரித்தார். தேவையிலிருந்து வந்த கைப்பழக்கம் பின்னால் பிரியமாக மாறியது. நம் பொழுதுபோக்கின் இந்தப் பிறப்பு எனக்கு ஆங்கிலேயர்களுடையதைவிட மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

அந்தப் பிரியம் தனியாகத் தெரிய ஆரம்பித்தது 1980களின் நடுவில். ஓசூரிலிருந்து இந்த் சுசுகியும், வடக்கிலிருந்து ஹீரோ ஹோண்டாவும், யமஹாவின் ஆர்.எக்ஸ். 100உம் வந்தன. எடை குறைவு, மைலேஜ் அதிகம், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். புல்லட்டை வைத்திருந்தவர்கள் அதை மாட்டுக் கொட்டகைக்கும் மாடிப்படியின் அடிக்கும் தள்ளினார்கள். என்ஃபீல்டு இந்தியா தள்ளாடியது. 1990இல் ஐஷர் குழுமம் உள்ளே வந்து, 1994இல் நிறுவனத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது. 2000 வாக்கில் மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது சித்தார்த்த லால் பொறுப்பேற்று அதைத் தூக்கி நிறுத்தியதும், 2009 வாக்கில் இன்ஜினும் கியரும் ஒரே வார்ப்பாக அமைந்த புதிய இன்ஜின் வந்ததும், ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை எழுந்ததும் எல்லோருக்கும் தெரிந்த வெற்றிக் கதை. நான் அதற்குள் போகவில்லை. எனக்கு முக்கியமானது வேறு: பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டின் உற்பத்தி அத்தோடு முடிந்தது. அப்போதுதான் அது இங்கும் பழைய வண்டி ஆனது. கொட்டகையில் கிடந்ததைத் தேடிப் போனவர்கள் உண்டானார்கள்.

தேடிப் போய்க் கொண்டுவந்தபின் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வண்டியின் வடிவமும் அதைச் சீர்செய்யும் முறையும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.

பல ஆண்டுகள் நின்ற புல்லட்டில் முதலில் கிக்கரில் கால் வைக்கவே கூடாது. ஆயில் அறை கிராங்க்கேஸுக்குள்ளேயே இருப்பதால், நிற்க நிற்க எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் சுற்றும் அறைக்குள் இறங்கியிருக்கும். அடியிலுள்ள டிரெயின் பிளக்குகளைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாளாவது ஊறவிட்டு, பிறகு வண்டியை டாப் கியரில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிஸ்டன் அசைந்தால் பாதி நிம்மதி. அசையவில்லை என்றால் ரிங்குகள் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். அடித்து இறக்குவது தவறு. ஊற வைப்பதும் பொறுத்திருப்பதும்தான் வழி.

அடுத்தது பெட்ரோல் டேங்க். உள்ளே துரு. சிறு சரளையையோ பழைய நட்டுகளையோ உள்ளே போட்டுக் குலுக்கி உதிர்ப்பது நம் ஊர் வழக்கம். பிறகு நீர்த்த அமிலத்தால் கழுவி, சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறித்து, நன்றாகக் காய வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல் கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பயனில்லை. டேங்கிலிருந்து வரும் துருப்பொடி மீண்டும் ஜெட்டை அடைக்கும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். அந்தச் சிறு துளையின் அளவுதான் பெட்ரோலின் அளவு. கம்பி அதைப் பெரிதாக்கிவிடும். காற்று அடித்தால் போதும்.

புல்லட்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை டேப்பட் சரிசெய்வது. வலப்பக்கம் சிலிண்டரின் அடியில் ஒரு சிறிய மூடி. அதற்கும் ஒரே ஒரு நட்டு. திறந்தால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதி தெரியும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது, இன்ஜின் குளிர்ந்திருக்கையில், புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாக ஆட்டினால் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. ஃபீலர் கேஜே வேண்டாம், விரல் போதும். மற்ற இன்ஜின்களில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு என்று அளக்கிற வேலையை இந்த வண்டி தொட்டுணரும்படி ஆக்கியிருக்கிறது.

கான்டாக்ட் பாயிண்டுக்கு ஃபீலர் கேஜ் வேண்டும். முழுக்கத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் எப்போது திறக்கத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நடுவில் மெல்லிய காகிதத்தைச் சொருகி மெதுவாக இழுத்துக்கொண்டே இன்ஜினைச் சுற்றுவார்கள். காகிதம் நழுவும் அந்தக் கணம்தான் தீப்பொறி பிறக்கும் கணம். பழைய பட்டறைகளில் இதையே ஆம்பியர் மீட்டரை வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். “முள்ளப் பாரு தம்பி, நடுவுக்கு வந்துச்சுன்னா பாயிண்ட் தொறந்துருச்சு” என்பார் மேஸ்திரி. சாவி போட்டிருக்கும்போது பாயிண்ட் மூடியிருந்தால் மின்சாரம் ஓடும், முள் இடப்பக்கம் சாயும். திறந்தால் முள் நடுவுக்கு வரும். ஸ்டார்ட் செய்வதற்கும் இதே வித்தைதான். கிக்கரை அழுத்தி, கெட்டியாக நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஸர் லீவரை இழுத்து, முள் நடுவுக்கு வரும்வரை பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு, முழு உதை. வலிமை தேவையில்லை, இடம் தெரிந்தால் போதும். இடம் தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கும்.

எண்ணெய் ஓடும் பாதையும் பார்க்கத் தகுந்தது. டைமிங் பக்கத்துச் சுழல்தண்டின் மரையில் ஓடும் இரண்டு சிறிய பம்புகள்: ஒன்று எண்ணெயை அனுப்பும், மற்றொன்று திரும்ப எடுக்கும். எண்ணெய் கம்பளித் துணி ஃபில்டரைத் தாண்டி, ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கிராங்கின் மையத்துக்குள் நுழைந்து பிக் எண்டுக்குப் போகிறது. அந்தக் குழாயைச் சுற்றி இருப்பது ஒரு சிறிய தக்கை சீல். காய்ந்து சுருங்கினால் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் கசிந்துவிடும். விலை மிகச் சொற்பம். அதை மாற்றாமல் விட்டதால் போன பிக் எண்டுகள் ஏராளம். பழைய புல்லட்களின் பிக் எண்டில் ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான். அது எண்ணெய்ப் படலத்தை நம்பியே வாழ்வது. டைமிங் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சீலை மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும். 70 மி.மீ. போரை அடுத்த அளவுக்குக் கடைந்து, 20 ஓவர், 40 ஓவர், 60 ஓவர் என்று கிடைக்கும் பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். அந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கின்றன. கிராங்கைப் பிரித்துப் புதிய பின் போட்டு மீண்டும் நேராகச் சுற்றும்படி நிறுத்துவது பயின்ற கையால் மட்டுமே ஆகும் வேலை. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் மதுரையிலும் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும் லேத் பட்டறைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வீட்டில் வண்டி பிரிக்கிறவர்களுக்கும் இவர்களுக்கும் இருக்கும் உறவுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதுகெலும்பு.

உறுப்பு வாங்குவது தனி உலகம். சென்னையில் புதியதென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதென்றால் புதுப்பேட்டை. டெல்லியில் கரோல் பாக். சந்தையில் ஒரே உறுப்பு மூன்று தரத்தில் கிடைக்கும். விலை குறைந்ததை வாங்கி மூன்று முறை மாற்றுவதைவிட, பழைய ஒரிஜினல் உறுப்பு நல்ல நிலையில் கிடைத்தால் அதையே வாங்கலாம். ஸ்பேனர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ரெட்டிச் வழிவந்த வண்டி என்பதால் பல இடங்களில் பிரிட்டிஷ் மரைகள். விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மில்லிமீட்டர் மரைக்கு 60 பாகை. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு போல்ட்டை அழுத்தித் திருகினால் அலுமினிய மரை சிதைந்துவிடும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

என் மனதை உறுத்தும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய புல்லட்டைக் கண்டெடுப்பவர்களில் பலர் முதலில் செய்வது ஃபிரேமை வெட்டுவது. பின்பக்கம் நறுக்கி, தடித்த டயர் போட்டு, கருப்பு மேட் பெயின்ட் அடித்து, வெடிச் சத்தம் போடும் சைலென்சர் மாட்டுகிறார்கள். அவரவர் வண்டி, அவரவர் விருப்பம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. திருவொற்றியூரில் டேங்க்கின் மேல் ஓடும் பொன்னிறக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே வரைந்தார்கள். 1960களின் டேங்க் ஒன்றில் அந்தக் கோடு மங்கலாகவாவது மிஞ்சியிருந்தால், அது ஒரு தொழிலாளியின் கையெழுத்து. சுரண்டிவிட்டால் மீண்டும் வராது. பளபளப்பான புதுக் குரோமைவிட, மங்கினாலும் அந்தக் காலத்து முலாம் மதிப்புள்ளது. ஓடும் அளவுக்குச் சீர்செய்யுங்கள், பழைய தோலை உரிக்காதீர்கள் என்பதே என் கருத்து.

இதற்கு இப்போது சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவர் வழக்கமான ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதே நல்லது. எந்த வழியானாலும் ஃபிரேமை வெட்டிய வண்டிக்குக் காகிதச் சிக்கல் காத்திருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டுக் கொட்டகையிலோ சாக்கு மூடிய ஒரு பழைய புல்லட் இருக்கலாம். ஜாவாவோ ராஜ்தூத்தோகூட இருக்கலாம். இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். அதிலுள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள். மற்ற வேலைகளை விடுமுறையில் ஆரம்பிக்கலாம்.